ஆழாக்கும் ஒரு பிடியும்



பழமொழிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேலே திரட்டி அச்சில் போட்டார். பின்னால் கி.வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் தந்தார். அது கடல். நான் ஒரே ஒரு சொலவடையோடு வந்திருக்கிறேன்: "ஆத்துல போட்டாலும் அளந்து போடு."

கஞ்சன் சொன்ன பேச்சு என்றுதான் சின்ன வயசில் நினைத்தேன். எங்கள் ஆயா தினமும் அரிசிப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆழாக்கில் அள்ளி, விரலால் தலை வழித்து அளப்பார். அளந்து முடித்ததும், உலையில் போடும் முன், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பக்கத்துச் சட்டியில் போடுவார். அது வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு. காஞ்சிப் பெரியவர் வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்து வைக்கச் சொன்னதும் இதைத்தான். இன்றைக்கு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஆயாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பிடியை எடுக்கும்போது அவர் கை தயங்கியதே இல்லை.

களத்தில் நெல் அளந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதல் மரக்காலை "ஒண்ணு" என்றா சொல்வோம்? "லாபம்" என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அளப்பதையே சாமி கும்பிடுகிற மாதிரி செய்த ஜனங்கள் நாம்.

நமக்குப் பக்கத்திலேயே இதை வாழ்ந்து காட்டியவர் ரமண மகரிஷி. 1896-இல் பதினாறு வயதுப் பிள்ளையாக வந்தவர், 1950-இல் சமாதியாகும் வரை இந்தத் திருவண்ணாமலையை விட்டுப் போகவில்லை. உலகம் அவரை மௌனத்துக்காகத் தேடி வந்தது. என் மனசு நிற்பது ஆசிரமத்து அடுக்களையில். பொழுது விடியும் முன்பே அங்கே போய்க் காய் நறுக்குவார். கீழே சிந்திய அரிசியைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். தனக்கென்று எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதவருக்கு அந்த அரிசி எதற்கு? இதே மனிதர்தான், பந்தியில் தன் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கடிந்துகொள்வார். ஒரு அரிசி வீணாகக் கூடாது, ஒரு கரண்டி கூடுதலாக விழவும் கூடாது. எனக்கு அந்தச் சொலவடையின் பொருள் அங்கேதான் புரிந்தது. அந்த ஆசிரமத்தில் இன்றைக்கும் பகல் பந்திக்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள்.

இப்போது நம்முடைய பௌர்ணமிக்கு வருகிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அன்னதானம் செய்கிற கைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மறுநாள் காலையில் நடந்து பாருங்கள். பாக்குமட்டைத் தட்டில் பாதி சாம்பார் சாதம், மேலே ஈ. அதைக் கூட்டி அள்ளுகிற அம்மா, சோற்றைக் காலால் மிதிக்க மனசில்லாமல் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார். பார்த்து நின்றேன், பேச வாய் வரவில்லை.

கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. வருகிற பௌர்ணமிக்கு, கரண்டியைக் கவிழ்ப்பதற்கு முன்னால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, இது போதுமா?" என்று கேளுங்கள். போதும் என்று அவர் சொன்னால், அந்தக் கரண்டிச் சோறு வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு.