சேம அச்சு



புறநானூற்றின் 102 ஆவது பாடல் ஔவையார் பாடியது. அதியமான் நெடுமானஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த இடத்தில், அவனை முழுமதிக்கு ஒப்பிடுவதற்கு முன்னரே, உமணருடைய வண்டியின் அடியில் கட்டப்பட்டிருக்கும் ஒரு மரத்துண்டுக்கு ஒப்பிடுகிறார். உமணர் என்போர் உப்பு வணிகர். ஆனையிறவு உப்பளத்தை அறிந்த எமக்கு அவர்கள் அந்நியரல்லர். பூட்டிய எருதுகள் இளையவை. ஏற்றிய பாரமோ பெரிது. வழியில் பள்ளம் வருமோ, மேடு வருமோ, யார் கண்டார்? அச்சு முறிந்தால் இடைவழியில் எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே புறப்படும்போதே இன்னுமோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஸ்பெயார் பார்ட்ஸ் என்று நாம் இன்று சொல்லும் பொருளுக்குச் சங்க காலத்திலேயே தமிழில் சொல் இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தரைவழிப் பாதை அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து, வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரி எரித்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த காலம். அந்தக் காலத்திலும் யாழ்ப்பாணத்து வீதிகளில் கார்கள் ஓடின. பிள்ளைப்பேற்று நோ கண்ட பெண்ணையும், நெஞ்சுவலி வந்த முதியவரையும் இரவிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும் அல்லவா? கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அவை மண்ணெண்ணெயில் ஓடின.

அவை புதிய கார்களல்ல. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஆசிரியரும் வைத்தியரும் வாங்கி, பின்னர் வாடகைக் காராக மாறி, நகரத்துத் தரிப்பிடங்களில் வரிசையாக நின்றவை. புதியவை படுத்துவிட்டபோது இந்தக் கிழங்கள் எப்படி ஓடின என்பது கேட்கத்தக்க கேள்வி.

பெற்றோல் எஞ்சின், எரிபொருளையும் காற்றையும் கலந்து அமுக்கி, பிறகு பொறி வைத்துக் கொளுத்துகிறது. அந்தப் பழைய எஞ்சின்களிற் பல கலவையை ஏழு மடங்கு அளவிலேயே அமுக்கின. பிற்கால எஞ்சின்கள் ஒன்பது, பத்து மடங்கு அமுக்குபவை. மண்ணெண்ணெயை அவ்வளவு அமுக்கினால் அது தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். பழையவற்றின் மெதுவான தன்மையே அங்கே அவற்றின் பலமாயிற்று. ஆயினும் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் அரிதாகக் கிடைத்த பெற்றோலில் சில துளிகளைச் சிறு போத்தலிலிருந்து காபிறேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது முற்றிலும் புதிய உத்தியுமன்று. பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்க்கு மாறும்படியே இங்கிலாந்தில் செய்யப்பட்டது. உழவு இயந்திரத்திலிருந்த நியாயம் காருக்கும் பொருந்தும் என்று கண்டதிலேதான் எம்மவர் கெட்டித்தனம் இருந்தது.

அதற்குரிய விலையையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே வடிந்து கீழேயுள்ள ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக் கரி பிடிக்கும். எனவே ஒயிற்குச்சியை அடிக்கடி இழுத்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் படிப்பார்கள். மண்ணிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரியென்றால் எரிபொருள் மிகை. ஒயில் படிந்த ஈரமென்றால் உள்ளே வளையங்கள் தேய்ந்துவிட்டன. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுகிறது. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகு தணிக்கும் வழியை நாடச் சொன்னார் வள்ளுவர். அவர் சொன்னது மருத்துவனுக்கு. கராஜில் நின்றவனும் அதையே செய்தான்.

இனி, உதிரிப்பாகம் தேடும் கலைக்கு வருவோம். அது ஒரு வகையில் சம்பந்தம் பேசுவதைப் போன்றது. யாருக்கு யார் உறவு என்று தெரிந்திருக்க வேண்டும். மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அன்று முதல் ஒஸ்ரின் ஏ 30 இன் எஞ்சின் மொறிஸ் மைனருக்கும் பொருத்தப்பட்டது. பின்னர் மினி காருக்கும் அந்தக் குடும்பத்து எஞ்சினே. பெயர் வேறு, பெட்டி வேறு, உள்ளே குருதி ஒன்று. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் எஞ்சினுக்கு உறவினர் மொறிஸ் ஒக்ஸ்போட். அந்த ஒக்ஸ்போட்டின் வழியில் வந்ததுதான் இந்தியாவின் அம்பாசிடர். இங்கிலாந்தில் அந்த வண்டி மறக்கப்பட்ட பின்னரும் அம்பாசிடர் 2014 வரை செய்யப்பட்டது. இந்த வமிச வரலாற்றைத் தெரிந்தவன், படுத்துவிட்ட ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கலாம். உறவு கிடைக்காத இடத்தில் கடைசல் பட்டறை உதவிற்று. தேய்ந்த புஷ்ஷை அளந்து பித்தளையில் கடைந்தார்கள். தடித்த காகிதத்தைப் பாகத்தின் மேல் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காஸ்கற் வெட்டினார்கள்.

இப்படிச் செய்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். கியூபாவில் அறுபதுகளின் அமெரிக்கத் தடைக்குப் பின், ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் ரஷ்ய எஞ்சின்களோடு ஓடின. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், ஒரு காரை வீசாமல் ஆயுட்காலம் முழுவதும் பேணுவதே சிக்கனம் என்று எண்பதுகளில் வாதிட்டு நூலும் எழுதினார். மொறிஸ் மைனரின் பாகங்களைச் செய்விக்க அவர் பின்னர் நாடி வந்த இடம் எங்கள் இலங்கைத் தீவு. செய்தவர்களே மறந்துவிட்ட பாகத்தைச் செய்ய, பேணியவர்களிடம் வரவேண்டியிருந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல கைகாரனுக்கு, எதைச் சமாளிக்கலாம் என்பதைப் போலவே எதைச் சமாளிக்கக் கூடாது என்பதும் தெரியும். ஓடாத எஞ்சின் உங்களை வீதியோரத்தில் நிறுத்திவிடும், அவ்வளவுதான். பிடிக்காத பிறேக் அப்படி விடாது. மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால், திருகு தேய்ந்து, ஒருநாள் சில்லே மடிந்து விழும். சில நிமிடக் கிறீஸ் வேலை ஓர் உயிரின் விலை.

இதை வீட்டிலேயே செய்யலாம். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. கேத்தலின் அடியில் படிவது றேடியேற்றரின் குழாய்களிலும் படியும். பழைய காருக்கு மழைநீரைப் பிடித்து வடித்து ஊற்றுங்கள். செம்மண் புழுதி காற்று வடியை அடைக்கும், கழற்றித் துப்புரவாக்குங்கள். கடற்காற்றின் உப்பு கதவின் அடியையும் தளத்தகட்டையும் தின்னும். நல்ல தண்ணீரால் அடிப்புறத்தையும் கழுவுங்கள். பொறி கொடுக்கும் பொயின்ற் இடைவெளி, பிளக் இடைவெளி இரண்டையும் அளவுத் தகட்டால் பாருங்கள். மொறிஸ் மைனருக்கு முன்னது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, பின்னது 25 பங்கு. இவற்றுக்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையும், கையில் கறை படுவதற்கு வெட்கப்படாத மனமும் போதும்.

2002 இல் கண்டி வீதி திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. போருக்குப் பின் மறுபடி திறந்தது. புதிய வாகனங்கள் வந்தன. 2020 இல் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இலேயே வழி திறந்தது. இடையில் 2022 இல் எரிபொருளுக்கு நாட்களாக வரிசையில் நின்றோம். தட்டுப்பாடு யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்து அல்ல என்பதை அப்போது தீவு முழுவதும் கண்டது. இன்றைய காரின் மூளை ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் உரிமைக்கே மேல்நாட்டவர் போராடுகிறார்கள். பழுது பார்ப்பதற்கான தகவலைச் சாதாரண கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 2012 இல் சட்டமே செய்தது. எமது மெக்கானிக்குகளுக்கு அந்தத் தகவலை யாரும் கொடுக்கவில்லை. கழற்றிக் கழற்றித் தாமே கற்றார்கள்.

நேயர்களே, அந்தக் கல்வி இன்று எங்கே இருக்கிறது? எந்த நூலகத்திலும் தேடினால் அகப்படுவது அரிது. முதுமை எய்திவிட்ட சிலரின் விரல்களிலும் காதுகளிலும் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டே வால்வு தளர்ந்ததா, பெயாறிங் போனதா என்று சொல்பவர்கள் அவர்கள். அவர்கள் கையாண்ட சொற்களும் அவர்களோடு போய்விடும். அந்தக் காலத்தின் இடப்பெயர்வையும் இழப்பையும் எமது கவிஞர்களும் சிறுகதையாசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். கராஜுக்குள் நடந்ததும் அந்தக் காலத்தின் வரலாறுதான். ஒரு வண்டி எப்படி எழுப்பப்பட்டது, எந்தப் பாகத்துக்கு எது மாற்றானது, எது மாற்றாகாமற் போனது என்பதை அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைப்பதும் இலக்கியப் பணிதான். உமணருடைய வண்டிக்கு அடியில் என்ன கட்டியிருந்தது என்று ஔவையார் பார்த்தபடியால் அல்லவா அந்தச் சொல் எங்களுக்குக் கிடைத்தது?

அச்சு முறிவது இயற்கை. பொகுட்டெழினியை ஔவையார் புகழ்ந்தது, முறியும் நாளில் கைகொடுக்க இருப்பவன் என்பதற்காக. எம்மிடையே அப்படி இருந்தவர்கள் கரிபடிந்த கைகளோடு பெயரில்லாமல் இருந்தார்கள். உங்கள் ஊரில் அவர்களுள் ஒருவர் இன்னும் இருப்பார். இந்த வாரமே ஒரு கொப்பியோடு அவரிடம் போங்கள்.