எதிரணியின் கட்சியை முதலில் எழுதுக



மாணவனாயிருந்தபோது ஒரு சொற்போரில் நான் தோற்றேன். என் கட்சிக்குப் பத்துக் காரணங்களை மனப்பாடம் செய்திருந்தேன். எதிரணியினர் ஒரே ஒரு வினாத் தொடுத்தனர், விடையின்றி நின்றேன்.

அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் முன்னது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் பின்னது. வாதத்திற்கு ஆயத்தம் செய்வோர்க்கு அவ்வரிசையே வழிகாட்டி.

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த ஆட்சிமொழி விவாதத்தில் எண்களின் வடிவமும் பெருஞ்சிக்கலாயிற்று. 1, 2, 3 என்பவற்றை இந்திய எண்களின் அனைத்துலக வடிவம் என்றே அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு குறிக்கிறது. அவை அயல்நாட்டு எண்கள் அல்லவா என்று கேட்பார்க்கு விடை அத்தொடருக்குள்ளேயே அடங்கியுள்ளது.

ஆகவே இளைஞர்களே, தாளின் இடப்பக்கத்தில் எதிரணியின் வலிய வாதங்களை அவர்களே ஒப்புமாறு எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் விடையும் சான்றும் எழுதுங்கள். எங்கே வலப்பக்கம் வெறுமையாய் நிற்கிறதோ, அங்கே மேலும் படியுங்கள். நீங்கள் தொடுக்கும் வினா ஒரு பொருளையே கேட்கட்டும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அடுத்த வினா ஆயத்தமாய் இருக்கட்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இப்பயிற்சி மேடைக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டாரின் நியாயத்தை நாம் பிழையின்றி எடுத்துச் சொன்னால், நம் நியாயத்தையும் அவர் செவிமடுப்பார். இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் அலுவல் பார்க்கும் நான் கண்ட உண்மை இது.