திருப்புடைமருதூர் வாசல்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் வீரவநல்லூர் வந்ததும் வடக்கே திரும்புங்கள். வயல்களுக்கு நடுவே போகிற பாதை நம்மைத் திருப்புடைமருதூரில் கொண்டுபோய் விடும். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற ஊர். நாறும்பூநாதர் கோயில் இங்கேதான் இருக்கிறது. சாமி கும்பிட அவசரம் வேண்டாம். இன்றைக்கு வாசலிலேயே நிற்போம்.

கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். அதற்கு மேல் ஐந்து நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும்தான். உச்சிவரை கல்லையே அடுக்கியிருந்தால், வாசலுக்குக் குறுக்கே கிடக்கும் உத்திரம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டுமே! ஆகவே கனம் குறைந்த செங்கல். நம் பக்கத்துப் பெரிய கோபுரங்கள் பலவற்றிலும் இதே கணக்குத்தான்.

ஆனால் மற்ற கோபுரங்களின் உள்ளே பெரும்பாலும் இருட்டும் வௌவாலும்தான். இங்கே ஒவ்வொரு நிலையும் ஒரு கூடம். மரத்தூண்கள், மர உத்திரங்கள், அவற்றில் இண்டு இடுக்கு விடாமல் செதுக்கிய உருவங்கள். சுற்றுச் சுவர் முழுக்க நாயக்கர் கால ஓவியங்கள். ராமாயணம் உண்டு, சம்பந்தர் கதை உண்டு. என்னை அசத்துவது ஒரு கப்பல்: குதிரைகளும் அரபு வணிகர்களுமாகக் கடலில் வருகிறது. தென்னாட்டு அரசர்களின் படைக்கு நல்ல குதிரை கடல் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அந்த வியாபாரத்தைக் கோயில் சுவரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். இன்னொரு சுவரில் பெரும் போர். 1532-இல் அச்சுததேவராயரின் விஜயநகரப் படை திருவிதாங்கூர் மன்னரோடு தாமிரபரணிக் கரையில் மோதியதே அது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சித்தன்னவாசல் ஓவியங்களுக்குக் கிடைத்த பேரில் பாதிகூட இந்த ஓவியங்களுக்குக் கிடைக்கவில்லை. தலைக்கு மேலே, பூட்டிய கதவுக்குள் இருந்தால் யார் பார்ப்பது? இந்த ஊரைக் கேள்விப்பட்டவர்களிலும் பலர் பறவைகளுக்காகவே வருகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் அடைவதால், 2005-இல் இந்தியாவின் முதல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக இது அறிவிக்கப்பட்டது. அதுவும் நல்லதுதான்.

போகிறவர்கள், மேலே ஏற அனுமதி கிடைக்குமா என்று கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படிகள் குறுகல், வயதானவர்கள் யோசித்து ஏறவும். சுவரில் கைமட்டும் வைக்காதீர்கள், விரல்பட்ட இடத்தில் வண்ணம் உதிரும்.