கடல் கடந்து பெறும் பிள்ளை

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பெருமை பேசுவதே வழக்கம். எமக்கு முன்பேசியவர்கள் அதை நிறைவாகச் செய்துவிட்டார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் பிள்ளைப்பேறு. பாடசாலை மண்டபத்தில் இதைப் பேசலாமா என்று எங்களில் சிலரே கேட்டார்கள். சுகாதாரப் புத்தகத்தில் இனப்பெருக்கத் தொகுதி வந்தபோது "அதை வீட்டில் வாசியுங்கோ" என்று சொல்லப்பட்ட தலைமுறை நாம். வீட்டில் அதைக் கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இங்கேயே பேசிவிடுவோம்.

நெடுந்தீவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நேரத்துக்கு முன்பே வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குறிகட்டுவானில் இறங்கிப் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தாம்போதிகளைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர இன்னுமொரு மணித்தியாலம். இது கடல் அமைதியாகவும், படகு ஆயத்தமாகவும், இறங்குதுறையில் வாகனம் காத்துக்கொண்டும் இருந்தால். சோளகம் தூக்கும் மாதங்களிலோ வாடைக்காலத்து இரவிலோ கணக்கு வேறு. பிள்ளை பிறந்தபின் கடுமையாக இரத்தம் போகும் தாய்க்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகக்கூடும் என்று மகப்பேற்று மருத்துவம் சொல்கிறது. அங்கும் இரண்டு மணித்தியாலம், இங்கும் இரண்டு மணித்தியாலம். நாம் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

இதனால்தான் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டானது. நாள் நெருங்குமுன்பே பெண்ணை அக்கரைக்கு அனுப்பிவிடுவது. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீடோ மச்சாள் வீடோ இருந்தால் அங்கே. சொந்தக்காரர் இல்லாதவர்கள் அறை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது நாட்கணக்கில் வாட்டிலேயே கிடக்க வேண்டும். மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, கணவன் தொழிலை விட்டுவிட்டு வருவதா, அந்தச் செலவுக்குக் காசு எங்கே என்பதெல்லாம் அவளுடைய கவலை. பிள்ளை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று விழும். நெடுந்தீவார் பலர் கடதாசியில் நெடுந்தீவில் பிறக்காதவர்கள்.

முன்பு இப்படி இருக்கவில்லை. எங்கள் அம்மம்மாமார் வீட்டிலேதான் பெற்றார்கள். ஊர் மருத்துவிச்சி வருவாள். கொத்திப் பேய்க்குப் பயந்து செய்யவேண்டியதைச் செய்வாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள், அன்று எத்தனை தாய்மார் அந்த முப்பத்தொரு நாளைக் காணவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பதை அண்டி நிற்கிறது. எங்களைவிடப் பணக்கார நாடுகள் சில வெட்கப்படத்தக்க கணக்கு இது.

இந்தக் கணக்கைக் குறைத்தவர்களில் முதலிடம் மருத்துவமாதுகளுக்கு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிந்து பார்ப்பது அதிலிருந்து நாடெங்கும் பரவியது. அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலே படிப்பித்தவர். அவருடைய முயற்சியால் 1857 இலேயே பிரசவ வைத்திய நூலொன்று தமிழில் அச்சாகியது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் வைத்தியசாலை வந்தது. கனடாவிலிருந்து மருத்துவப் பணிக்காக இலங்கை வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இங்கேயே வாழ்ந்து மறைந்த டொக்டர் மேரி இரட்ணம், ஊர்ச்சனம் முகஞ்சுளித்த காலத்திலேயே குடும்பத்திட்டம் பற்றிப் பேசியவர். 1953 இல் இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் தொடங்கியபோது முன்னின்று உழைத்தவர்களில் டொக்டர் சிவா சின்னத்தம்பியும் ஒருவர். இந்தப் பெயர்களைப் பாடப்புத்தகத்தில் நாம் படித்ததில்லை.

இன்று நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. நல்லது. ஆனால் தாய்மாரைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு, தீவுப் பெண்ணின் பிள்ளைப்பேற்றைத் தீவிலிருந்து எடுத்துவிட்டது. அக்கரையில் பெற வேண்டும் என்று சொன்ன அரசு, அக்கரைக்கு எப்படிப் போவது என்பதை அவளுடைய தலையில் விட்டது.

1994 இல் செரீன் ததேயஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்தபின் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். நடுவில் உள்ள தாமதம் எங்களுக்குக் கடல். அதைச் சொல்லிவிட்டோம்.

முதலாவது தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. வைத்தியசாலைக்குப் போவதா, இன்னொரு பிள்ளை வேண்டுமா, ஊசியா மாத்திரையா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் யார்? மாமியாரும் கணவனும் கதைத்து முடித்தபின் அவளுக்குச் சொல்லப்படும் வீடுகள் இன்றும் உண்டு. கையில் காசு இல்லாதவளுக்குச் சீதனக் காணி இருக்கலாம். ஆனால் தேசவழமையின்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. இது 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த விதி. கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் போருக்குப்பின் எங்களிடையே எத்தனை பேர்! அவர்கள் கையெழுத்துக் கேட்டு யாரிடம் போவது?

மூன்றாவது தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் பெண்கள் பிரச்சினையா என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் ஒக்சிரோசின் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின் தொகுதியோடு இணையாமல் டீசல் பிறப்பாக்கியில் ஓடிவந்த தீவுகள். சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டத்துக்கு இந்தியாவின் உதவியோடு 2024 இல் ஒப்பந்தமானது. அந்தத் திட்டத்தைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போது பிள்ளைப்பேற்று அறையின் குளிர்சாதனப் பெட்டி முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

இனி, பேசத் தயங்கும் இன்னொன்று. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் வந்தது. அதன் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். வல்லுறவால் கருவுற்ற சிறுமிக்கும் விலக்கில்லை. பிறந்தாலும் உயிர்வாழ முடியாத குறையுள்ள கருவைச் சுமக்கும் தாய்க்கும் விலக்கில்லை. 1995 இல் சட்டக்கோவையைத் திருத்தியபோது இந்த விலக்குகளைச் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்ப, மற்றத் திருத்தங்கள் நிறைவேற, இது மட்டும் கைவிடப்பட்டது. 2017 இல் மீண்டும் பேச்செழுந்து அடங்கியது.

இதில் எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. எங்கள் சங்கத்தில் சைவர்களும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இருக்கிறோம். உயிரைப் பற்றிய நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் ஆழமானது. ஆனால் வல்லுறவுக்குள்ளான ஒரு பிள்ளையின் நிலையில் சட்டம் 1883 இலேயே நின்றுகொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதில் நாம் ஒன்றாக இருக்கிறோம். சட்டம் இறுகியிருப்பதால் கருக்கலைப்பு நிற்கவில்லை, அது ஒளிந்துகொண்டது. காசுள்ளவள் தப்பினாள், இல்லாதவள் இரத்தப்போக்கோடு வைத்தியசாலைக்கு வந்தாள்.

அயர்லாந்தில் வாழும் எங்கள் சகோதரிகளுக்கு 2018 மே மாதம் நினைவிருக்கும். பெரும்பாலோர் கத்தோலிக்கரான அந்த நாட்டின் பெண்கள் பல ஆண்டுகளாகக் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய்க் கருக்கலைப்புச் செய்தார்கள். 2012 இல் கல்வே நகர வைத்தியசாலையில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண், கரு தப்பாது என்று தெரிந்தபின்னும் சிகிச்சை தாமதமாகி இறந்தபின் அந்த நாடு விழித்தது. வாக்கெடுப்பு அன்று வெளிநாடுகளிலிருந்து இளம் பெண்கள் விமானமேறி வந்து வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் மாற்றத்தை ஏற்றார்கள்.

பெறாமலிருக்கும் உரிமையைப் பேசும்போது பெறும் உரிமையையும் பேச வேண்டும். 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்ற கரையோரக் கிராமங்களில், சத்துணவுக் கிளினிக்குக்கு வரச்சொல்லித் தங்கள் கைகளில் கருத்தடைக் குச்சிகளை வற்புறுத்தி வைத்தார்கள் என்று பெண்கள் கூறியதாகச் செய்திகள் வந்தன. அந்தக் குச்சி நல்ல சாதனம். கேட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள். கேளாமல் போட்டால் அது குடும்பத்திட்டம் அல்ல. இனத்தின் எண்ணிக்கை குறைகிறது, ஆகையால் பெண்கள் கூடப் பெறவேண்டும் என்று மேடைகளில் பேசும் எங்கள் பெரியவர்களுக்கும் இதையே பணிவோடு சொல்கிறோம். எண்ணிக்கைக்காகப் பெறுவதும் எண்ணிக்கைக்காகத் தடுப்பதும் அவளைக் கேளாமலே நடக்கின்றன.

இவற்றையெல்லாம் தீர்மானிக்கும் இடங்களில் நாம் இருந்தோமா? எமது சங்கம் பிறந்த நாளில் இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கேனும் சட்டசபை வாக்கு இல்லை. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கி டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடியது. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி அமைத்த சேர். பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்தார் என்பதையும் வரலாறு பதிந்திருக்கிறது. 1931 இல் 21 வயதான எல்லாருக்கும் வாக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. ஆக, கிடைத்த வாக்கைப் பாவிக்கும் முதல் வாய்ப்பு எங்கள் தீவகப் பெண்களுக்கு 1934 இல்தான் வந்தது. பூரண சுயராச்சியம் கேட்ட அந்த வாலிபரின் இலட்சியத்தை நாம் மதிக்கிறோம். பெண்களைக் கேட்டுத்தான் பகிஷ்கரித்தார்களா என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

அண்மைக் காலத்துக்கு வருவோம். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நிலை 2018 பெப்ரவரித் தேர்தலோடு மாறியது. நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் பிரதேச சபைகளுக்கும் அது பொருந்தும். பட்டியலை நிரப்பப் பெயர் கேட்டு வந்தார்கள், வென்றபின் கூட்டத்தில் பேசவிடுகிறார்கள் இல்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் கேட்கிறது. ஆனாலும் நாற்காலி இருக்கிறது. அதில் இருப்பவளுக்குப் பின்னால் நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

ஏனென்றால் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ், போதனா வைத்தியசாலை கொழும்பின் கீழ். குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. 1985 மே 15 அன்று எங்கள் சனத்தைக் கடலில் வெட்டிக் கொன்றது அந்தக் குமுதினியில்தான். அதற்குப் பின்னும் பிள்ளைத்தாய்ச்சிகள் அதிலேதான் வந்தார்கள், வேறு வழியில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தலே இல்லை. யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கைகாட்டலாம். இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்ட பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை, கிராமப்புறப் பெண்களுக்குச் சுகாதார வசதி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. கைகாட்டுகிறவர்களிடம் அதைக் காட்டலாம்.

படகும் மின்சாரமும் எழுதிக் கேட்க வேண்டியவை. மருத்துவமாது தீவில் இரவு தங்கவேண்டுமென்றால் பூட்டுள்ள கதவும் ஒழுங்கான மலகூடமும் உள்ள விடுதி வேண்டும். அதையும் எழுதிக் கேட்போம். எழுதாமலே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கியூபாவில் 1962 முதல், தூர இடத்துக் கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் வைத்தியசாலைக்கு அண்மையில் வந்து தங்கும் தாய்மார் இல்லங்களை நடத்துகிறார்கள். சாப்பாடும் கவனிப்பும் அங்கேயே. யாழ்ப்பாணப் பட்டினத்தில், போதனா வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில், நாலு அறையுள்ள ஒரு வீடு இருந்தால் தீவகத் தாய்மாருக்கு அதைத் தொடங்கலாம். மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரக்கூடியதாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் சகோதரிகளின் வீடுகள் அங்கே பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டின் திறப்பு போதும். கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைப் பதியலாம். வர முடியாதவர்கள் இம்மலரைக் கண்டபின் சங்கத்துக்கு எழுதலாம்.