நெருக்கடியும் நம் உடலும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரியொன்று சீறி வந்தால், யோசிக்கும் முன்பே நம் கால்கள் பின்வாங்குகின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் விழித்தெழ, இதயம் விரைகிறது; கல்லீரல் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது; செரிமானம் தாமதிக்கிறது. லாரி போனதும் சிறிது நேரத்தில் யாவும் அடங்கும். இது நோயன்று, இறைவன் அளித்த காவல்.

மேல்விஷாரம் முதல் வாணியம்பாடி வரை நாம் அறிந்த நெருக்கடியோ வேறு வகை. சுத்திகரிப்பு வசதி செய்யாத தோல் தொழிற்சாலைகளை மூடுமாறு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றைக் காக்க வேண்டிய தீர்ப்பே அது. ஆயினும் பல அடுப்புகளில் அச்சம் புகுந்தது. 2020 ஊரடங்கிலும், அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்த 2025 ஆகஸ்டிலும் அதே அச்சம் எழுந்தது. முதலாளிக்கு வங்கிக் கடன், தொழிலாளிக்கு வேலை, வீட்டிலிருந்து ஷூவின் மேற்பாகம் தைக்கும் சகோதரிக்கு ஜோடிக் கணக்கில் வரும் கூலி. இத்தகைய கவலை மாதக்கணக்கில் நீடிக்கும்.

கார்ட்டிசால் என்னும் சுரப்பு அதிகாலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ வேண்டும். ஓயாத கவலை அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. உறக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புண் ஆறவும் நாளாகும். ஈரத்தோலிலும் இரசாயனத்திலும் கை வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். இனிப்பின் மீது ஆசையும் கூடும். (ஆற்காட்டு மக்கன் பேடாவைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம்!)

ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளை ஆராய்ந்து 1936இல் இதை எழுதினார். குளிர், காயம், நஞ்சு என எது தாக்கினும், எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது; எதிர்ப்பாற்றலுக்குரிய தைமஸ் சுருங்கியது; இரைப்பையில் புண் கண்டது.

நடைப்பயிற்சி, உறக்கம், தொழுகையின் அமைதி ஆகியன உதவும். எனினும், கடனால் தூக்கமிழந்தவரிடம் "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று மட்டும் சொல்வது போதாது. பைத்துல்மாலிலிருந்து உரிய நேரத்தில் செல்லும் வட்டியில்லாக் கடனும் அவருக்கு மருந்தே. அவ்வாறே, "நஸீபு" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது தவக்குல் ஆகாது.

தலைவலி இல்லையே, நமக்கேது அழுத்தம் என்பாரும் உளர். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும். கருவி வைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது.