ஆற்று முத்தா, கடல் முத்தா?

ஊட்டிப் பக்கம் நடுவட்டத்தில் இந்நேரம் தேயிலை நுனியில் பனித்துளி முத்துப்போல நிற்கும். முத்தைப் பற்றித்தான் இன்று பேச்சு.

ஊட்டிக்குப் போய் முத்துமாலை கேட்கிறீர்கள். ஒன்று சில நூறு ரூபாய். பக்கத்திலேயே இன்னொன்று பல ஆயிரம். மலிவானது போலியோ என்று மனம் அடித்துக்கொள்ளும். போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அது நன்னீர் முத்தாக இருக்கலாம். நன்னீர் முத்தும் அசல் முத்துதான்.

பிறகு ஏன் விலை குறைவு? நன்னீர்ச் சிப்பி ஒன்றே பல முத்துகள் தரும். கடல் சிப்பி தருவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

இரண்டுக்கும் உள்ளேயும் வேறுபாடு உண்டு. தூத்துக்குடியில் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பிக்குள் சிறு மணியை வைப்பார்கள். சிப்பி அதன்மேல் பளபளப்பைப் பூசும். அந்த மணி எதில் செய்தது தெரியுமா? வழக்கமாக, நன்னீர்ச் சிப்பியின் ஓட்டில்! கடல் முத்தின் நெஞ்சுக்குள் ஆற்றுச் சிப்பி. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான். நன்னீர் முத்துகள் பலவற்றில் மணியே இல்லை. முழுக்க முத்துப்பூச்சு.

அசலா, போலியா என்று பார்க்க, முத்தைப் பல்லில் மெல்ல உரசுங்கள். நறநறத்தால் அநேகமாக அசல். வழுக்கினால் பெரும்பாலும் போலி. ஆனால் ஆறா, கடலா என்று பல் சொல்லாது. அதைக் கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.