முளைப்பயிரும் மணிமுடியும்



ஈரான் என்றதும் எண்ணெய்க் கிணறும் போர்க்கப்பலும் தாடியும் தலைப்பாகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. செய்தித்தாள்கள் நமக்குக் காட்டிய ஈரான் அது. இன்று அந்நாட்டின் எளிய குடும்பமொன்றின் கூடத்துக்கு உங்களை அழைக்கிறேன். காலம், மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரம்.

வீட்டை உலுக்குகிறார்கள்! ஆம், அந்தப் பெருந்துப்புரவுக்குப் பாரசீகத்தில் அதுதான் பெயர். கம்பளங்கள் வெளுக்கப்படுகின்றன, சாளரங்கள் துலக்கப்படுகின்றன. ஆண்டின் கடைசிப் புதனுக்கு முன்னிரவில் தெருவிலே தீ மூட்டித் தாண்டுகிறார்கள். தம் சோர்வை நெருப்புக்குக் கொடுத்து, அதன் செம்மையைத் தமக்கு வேண்டுகிறார்கள். சமய அடிப்படையற்றது என்று 2010-இல் நாட்டின் உயர்தலைவர் காமெனெயி இதைக் கடிந்தார். அதன் பின்னரும் தீ எரிந்தது!

அடுத்து நவ்ரோஸ், புத்தாண்டு. மேசைமீது 'சீன்' என்னும் எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்கள்: ஆப்பிள், பூண்டு, காடி, தட்டில் வளர்த்த கோதுமை முளைப்பயிர் முதலியன. அருகில் கண்ணாடி, வண்ணம் தீட்டிய முட்டை. சில வீடுகளில் திருக்குர்ஆன், சில வீடுகளில் ஹாபிஸ் கவிதைகள், பல வீடுகளில் இரண்டும். கதிரவன் நடுக்கோட்டைக் கடக்கும் அந்தக் கணத்தில்தான் ஆண்டு பிறக்கிறது. அது பின்னிரவு மூன்று மணியாயினும் குடும்பம் விழித்திருக்கும்.

இந்தக் கூடத்துக்குள் மன்னர் ஒருவர் நுழைய முயன்றார். 1925-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கிய நாட்காட்டியை 1976-இல் ஷா மாற்றினார். சைரசு அரியணை ஏறிய ஆண்டிலிருந்து எண்ணுக என்பது ஆணை. 1354-இல் உறங்கியவன் 2535-இல் விழித்தான்! ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓரிரவில் மூப்படைந்த மக்கள் வேறெங்கேனும் உண்டோ? எதிர்ப்பு மூண்டதும், 1978-இல் பழைய கணக்கே திரும்பிற்று. மேசையிலோ, மூன்று ஆண்டுகளிலும் அதே பூண்டு, அதே காடி!

இன்னொன்று கேளுங்கள். இப் பண்டிகையின் தலைவாசலிலும் கொல்லைவாசலிலும் அரசியல் நிற்கிறது. 1951 மார்ச் 20, புத்தாண்டுக்கு முந்திய நாள். எண்ணெயை நாட்டுடைமையாக்கும் சட்டம் அன்றுதான் நிறைவேறிற்று. அதற்கெனப் போராடிய மொசாதெக் அடுத்த மாதம் தலைமை அமைச்சரானார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையோடு வீழ்த்தப்பட்டார். அந்த மார்ச் நாள் பின்னர் விடுமுறை நாளாயிற்று. 1979-இலோ, விருந்தாடும் பதின்மூன்று நாள்களுக்குள்ளேயே, மார்ச் 30, 31-இல், இசுலாமியக் குடியரசு வேண்டுமா என்று வாக்கெடுத்தார்கள். பச்சைச் சீட்டு 'ஆம்', சிவப்புச் சீட்டு 'இல்லை'. மூன்றாவது வழியை விரும்பியவனுக்குச் சீட்டே இல்லை! ஏப்ரல் 1 குடியரசு நாளாயிற்று.

அன்று பச்சைச் சீட்டிட்ட பாட்டனாரின் வீட்டுக்கு, 2022-இல் மாசா அமீனி காவலில் இறந்தபின் தெருவிலிறங்கிய பேத்தி வாழ்த்துப் பெற வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். முதியோரை முதலில் காண்பது மரபு, ஆகவே வருகிறாள். புது நோட்டை அவர் நீட்டுகிறார், அவள் பெற்றுக்கொள்கிறாள். பிறகு வாதம்! 2019 முதல் பல ஆண்டுகள் விலைவாசி 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதே, பிஸ்தா வாங்க முடிகிறதா என்று தொடங்கி, ஆட்சி யாருக்கு என்பதுவரை போகும் வாதம். 2000 ஏப்ரலில் பத்துக்கு மேற்பட்ட செய்தித்தாள்களை மூடினர். 2018-இல் டெலிகிராமைத் தடுத்தனர். பேச்சு பங்கு டாக்சிகளிலும் இந்தக் கூடங்களிலும் தொடர்ந்தது. நாக்குக்கு உரிமம் வழங்கும் அலுவலகம் இன்னும் திறக்கப்படவில்லை போலும்!

பதின்மூன்றாம் நாள், பாட்டனும் பேத்தியும் ஒரே வண்டியில் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். அரசாங்கப் பட்டியலில் அது 'இயற்கை நாள்'. மக்கள் வாயில் அது பதின்மூன்றை வெளியே போக்கும் நாள். வாடத் தொடங்கிய முளைப்பயிரை ஓடும் நீரில் விடுகிறார்கள். வாதம் மட்டும் வண்டியிலேயே திரும்பி வருகிறது.